பி.எல்.சி. நிரல்மொழிகள்: ஏணி வரைபடத்துக்கு அப்பால்

பி.எல்.சி. என்பது ஆலைகளில் மோட்டார், வால்வு, கன்வேயர் போன்றவற்றை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி ஆகும். அதன் நிரல்மொழி என்றதும் பலருக்கும் நினைவில் வருவது ஏணி வரைபடம் எனப்படும் லேடர் லாஜிக். ஆனால் 1993இல் வெளிவந்த சர்வதேசத் தரம் ஏற்றுக்கொண்ட மொழிகள் ஐந்து. ஏணி அவற்றுள் ஒன்று மட்டுமே.

ஏணி முதலில் வந்த காரணம்

1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலே பலகைகளுக்கு மாற்று கேட்டது. கார் மாடல் மாறும்போதெல்லாம் நூற்றுக்கணக்கான ரிலேக்களின் வயரிங்கைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. டிக் மோர்லியும் அவருடைய பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் குழுவினரும் உருவாக்கிய கருவி மோடிகான் 084. அது அந்நிறுவனத்தின் 84ஆவது திட்டம் என்பதால் அந்த எண்.

ஆலை எலக்ட்ரீஷியனுக்குக் கணினி மொழி தெரியாது. ரிலே வரைபடம் தெரியும். எனவே அந்த வரைபடமே மொழியாக்கப்பட்டது. இரு பக்கமும் செங்குத்துக் கோடுகள், நடுவில் படிகள். ‘இந்தச் சுவிட்சும் அந்தச் சுவிட்சும் மூடியிருந்தால் மோட்டார் ஓடட்டும்’ என்பதைச் சொல்ல இதைவிடத் தெளிவான வழி இல்லை.

ஏணி திணறும் இடங்கள்

குன்னம் பகுதிக்குப் பக்கத்தில் உள்ள அரியலூர் சிமெண்ட் ஆலைகளை நினைத்துக்கொண்டால் மற்ற மொழிகளின் தேவை எளிதில் விளங்கும். சுண்ணாம்புக்கல் அரைபட்டு, சூளையில் வெந்து, கிளிங்கராகி, குளிர்ந்து, மறுபடி அரைபட்டே சிமெண்ட் ஆகிறது.

முதலில் கணக்கு. சுண்ணாம்பு நிறைவுக் காரணி என்று ஒன்று உண்டு. சிலிக்காவை 2.8ஆலும், அலுமினாவை 1.2ஆலும், இரும்பு ஆக்சைடை 0.65ஆலும் பெருக்கிக் கூட்டி, அந்தத் தொகையால் கால்சியம் ஆக்சைடின் அளவை வகுக்க வேண்டும். பள்ளிக் கணக்குதான். ஏணியில் இதைப் போட்டால் பெருக்கலுக்கு ஒரு கட்டம், கூட்டலுக்கு ஒரு கட்டம் எனப் படிகள் நீண்டுகொண்டே போகும். ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் மொழியில் ஒரே வரி. நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியின் சாயல் இதில் தெரியும்.

அடுத்தது வரிசை. பல கன்வேயர்கள் தொடராக நிற்கும்போது கடைசிப் பெல்ட்தான் முதலில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் பொருள் நடுவில் குவிந்துவிடும். நிறுத்தும்போது முதல் பெல்ட் முதலில் நிற்க வேண்டும். இப்படிப் ‘படி, நிபந்தனை, அடுத்த படி’ என்று எழுதும் முறை பிரான்சில் பிறந்தது. கார்ல் ஆடம் பெட்ரி 1962இல் தம் ஆய்வேட்டில் முன்வைத்த வலைகளிலிருந்து கருத்தை எடுத்து, பிரெஞ்சுக் குழு ஒன்று 1977இல் கிராஃப்செட் என்ற வரைபட முறையை நிறைவு செய்தது. 1988இல் அது சர்வதேசத் தரமானது. பி.எல்.சி.யில் அதன் வடிவமே சீக்வென்ஷியல் ஃபங்ஷன் சார்ட். ஐந்திலும் எனக்குப் பிடித்தது இதுதான். இயந்திரம் எந்தப் படியில் நின்றுபோனது என்பதைத் திரையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, தொடர்ந்து மாறும் அளவுகள். கிளிங்கர் குளிரூட்டியின் அடியிலுள்ள காற்றழுத்தத்தைப் பார்த்துத் தட்டியின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது ஆன்–ஆஃப் வேலையன்று. இதற்கு ஃபங்ஷன் பிளாக் வரைபடம் ஏற்றது. பெட்டிகளைக் கோடுகளால் இணைத்தால் தகவல் இடமிருந்து வலமாக ஓடும்.

ஐந்தாவது மொழியின் கதை

மீதியுள்ளது இன்ஸ்ட்ரக்ஷன் லிஸ்ட். அசெம்பிளி மொழிபோல வரிக்கு ஒரு கட்டளை. தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் அரியலூர் ஆலை உற்பத்தி தொடங்கிய அதே 1979இல், ஜெர்மனியில் சீமென்ஸ் நிறுவனம் சிமாட்டிக் எஸ்5 வரிசையை வெளியிட்டது. அதன் ஸ்டெப் 5 மென்பொருளில் ஏணியும் பிளாக்கும் இருந்தன. கூடவே இத்தகைய கட்டளைப் பட்டியலும் இருந்தது. நினைவகம் சிறிதாக இருந்த காலத்துக்கு அது பொருந்தியது.

ஆளுக்கொரு மொழி என்றிருந்த நிலையில், ஐ.இ.சி. 1131-3 என்ற தரம் 1993இல் ஐந்தையும் ஒரே இலக்கணத்துக்குள் கொண்டுவந்தது. பின்னர் அதன் எண் 61131-3 ஆனது. ஒரே திட்டத்தில் பல மொழிகளைக் கலந்து எழுதலாம் என்பதே அதன் பெரிய பயன். ஒரு நிறுவனத்தின் நிரலை இன்னொன்றின் கருவியில் அப்படியே ஏற்றலாம் என்ற நம்பிக்கை மட்டும் முழுதாகப் பலிக்கவில்லை.

2013ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு, இன்ஸ்ட்ரக்ஷன் லிஸ்டை இனிப் புதிதாகப் பயன்படுத்த வேண்டாம் என்றது. 2025இல் வந்த நான்காம் பதிப்பு அதை நீக்கியேவிட்டது. ஆலைகள் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. ஐ.டி.ஐ. முடித்து ஏணியை மட்டும் கற்று வேலைக்குப் போன என் பழைய மாணவர் ஒருவர், பழைய கருவி ஒன்று பழுதானபோது திரையில் கட்டளைப் பட்டியலைக் கண்டு திகைத்து நின்றதாகச் சொன்னார். அதைப் படித்துக் காட்ட, ஓய்வுபெற்ற ஃபோர்மேன் ஒருவரை வீட்டிலிருந்து அழைத்துவர வேண்டியிருந்ததாம்.