ஆட்டம் கலைந்த கதை

நான் நடத்திய முதல் தொடர் ஆட்டம் நான்கே வாரத்தில் கலைந்தது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வகை ஆட்டம் அது. ஒரு மேசை, ஐந்து பேர், சில பகடைகள். நடுவர் ஓர் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். கதை மாதக்கணக்கில் நீளும்.

நீளவில்லை. கடத்தப்பட்ட இளவரசியைத் தேடும் கதையை இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதியிருந்தேன். கூட்டாளிகள் முதல் கிராமத்தையே தாண்டவில்லை. “டேய், இந்த ஊர்ல சாப்பாட்டுக் கடையே இல்லன்னு சொன்னீல்ல? நாங்க ஒண்ணு போடறோம். இளவரசிய அப்புறம் பாத்துக்கலாம்” என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். மறுவாரம் டிராகனை அனுப்பி அந்தக் கடையை எரித்தேன். மூன்றாம் வாரம் ஒருவனுக்கு ஓவர்டைம், இன்னொருவனுக்குத் தலைவலி. நான்காம் வாரம் யாருமே வரவில்லை.

கதையைக் கெடுத்தது அவர்கள்தான் என்று பல வருடம் நம்பினேன். இந்த ஆட்டத்தின் வரலாற்றை வாசித்த பிறகு அப்படி நம்ப முடியவில்லை.

1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பொம்மைப் படைகளை வைத்துப் போர் ஆட்டம் ஆடும் குழுவொன்றில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் இருந்தார். நெப்போலியன் காலத்து ஜெர்மானியக் கற்பனை நகரம் ஒன்றை அமைத்து, அதற்கு பிரௌன்ஸ்டைன் என்று பெயரிட்டார். தளபதிகளோடு, நகர மேயர், வங்கியாளர் போன்ற பாத்திரங்களையும் கொடுத்தார். அங்கேதான் சிக்கல். ஆட்டக்காரர்கள் முறைக்குக் காத்திராமல் தங்களுக்குள் பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள். இருவர் தங்களுக்குள் வாள்சண்டை என்று வந்து நின்றார்கள். அதற்கு விதியே இல்லை. வெஸ்லி அந்த இடத்திலேயே ஒன்றை உருவாக்கினார். ஆட்டம் படுதோல்வி என்று நினைத்துக்கொண்டார். ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

பிறகு அவர் கட்டுப்பாட்டைக் கூட்டிப் பார்த்தார், சுவைக்கவில்லை. மறுபடி பிடியைத் தளர்த்தி, லத்தீன் அமெரிக்கக் கற்பனை நாடொன்றில் ஆட்டத்தை வைத்தார். அதில் மாணவப் புரட்சியாளராக ஆடிய டேவ் ஆர்னசன், தன்னைச் சிஐஏ ஆள் என்று நம்பவைத்து, நாட்டின் கஜானாவோடு ஹெலிகாப்டரில் பறந்துபோனார். எந்தத் திட்டத்திலும் இல்லாத முடிவு.

1971-இல் ஆர்னசன் ‘பிளாக்மூர்’ என்ற தன் தொடர் ஆட்டத்தைத் தொடங்கினார். கோட்டைக்கு அடியில் நிலவறைகள், அவற்றில் புதையல். வீரர்கள் அதிலேயே மூழ்கிக் கிடந்தபோது, காவலில்லாத பிளாக்மூரை எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள். ஆர்னசன் அதை அழித்து மறுபடி ஆடச் சொல்லவில்லை. ஊரை இழந்தவர்கள் லாக் குளூமன் என்ற ஏரிப் பகுதிக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஆட்டம் அங்கே தொடர்ந்தது.

கதை உடைவதும் ஆட்டம் கலைவதும் வேறு வேறு. கதை உடைந்தால் அந்தத் துண்டுகளை வைத்தே ஆடலாம். மேசையைச் சுற்றி இருப்பவர்களுக்கு நடுவே விழும் விரிசலைப் பகடை உருட்டித் தீர்க்க முடியாது. 1974-இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பெட்டியில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்று இரண்டு பெயர்கள் இருந்தன. 1979-இல் உரிமைத்தொகைக்காக ஆர்னசன் வழக்குப் போட்டார்; 1981-இல் சமரசமானது. எதிரிகள் ஊரைப் பிடித்தபோதுகூட நிற்காத ஆட்டத்தின் ஆசிரியர், கடைசியில் கூட்டாளியோடு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

இதையெல்லாம் வாசித்த இரவில், அன்று கடை போட்டவனுக்குச் செய்தி அனுப்பினேன். “உன் கடைய எரிச்சது தப்புடா.”

“எந்தக் கடை?” என்று கேட்டான். விளக்கினேன். சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது.

“ஓ அதுவா. எரிச்சது நல்லாத்தான்டா இருந்துச்சு. திரும்பக் கட்டலாம்னுதான் பேசிக்கிட்டிருந்தோம். நீதான் அன்னிக்கு முழுக்க எங்க மூஞ்சியப் பாத்தே பேசல.”