பன்னாட்டு உறவுகள் என்னும் பாடம்: அதன் பிறப்பும் நம்மவர் பிரவேசமும்

பட்டப் படிப்பில் எந்தப் பாடத்தை எடுப்பது என்ற பேச்சு எழும்போது நம் இல்லங்களில் மருத்துவம், பொறியியல், சட்டம் ஆகிய மூன்று பெயர்களே முதலில் வருகின்றன. அவை கிட்டாதவிடத்து வணிகவியல். அதுவும் கிட்டாதவிடத்து வரலாறு அல்லது அரசியல். இவற்றைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பசித்த வீட்டுக்கு முதலில் சோறு போடும் படிப்பே வேண்டும் என்பதை அறியாதவனும் அல்லேன். ஆயினும், 'பன்னாட்டு உறவுகள்' என்றும் 'சர்வதேச உறவுகள்' என்றும் வழங்கும் பாடத்தை இளங்கலை வகுப்பிலேயே எடுத்துப் படிக்கலாமா என்று நம் இளைஞருள் சிலர் கேட்கத் தொடங்கியிருக்கின்றனர். நாடுகளுக்கிடையே நிகழும் போர், உடன்படிக்கை, தூதுறவு, வாணிகம், அகதிகள் நிலை, உலக மன்றங்கள், மனித உரிமைகள் ஆகியவற்றை ஆராயும் பாடம் அது. அவர்களுக்கு விடை கூறுமுன், அப்பாடம் யாரால், யாருக்காக உண்டாக்கப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன்.

இப்பாடத்துக்கு வயது நூறாண்டுகளுக்குச் சற்று மேல். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போர் ஐரோப்பிய இளைஞர்களை இலட்சக்கணக்கில் பலி கொண்டது. வேல்ஸ் நாட்டுக் கடற்கரையூராகிய அபரிஸ்ட்வித்தில் இருந்த பல்கலைக்கழகக் கல்லூரியும் தன் மாணவர் பலரைப் போர்க்களத்தில் இழந்தது. அவர்கள் நினைவாக டேவிட் டேவிஸ் என்ற செல்வரும், அவருடைய சகோதரியர் க்வெண்டொலின், மார்கரெட் ஆகிய இருவரும் 1919-இல் 20,000 பவுன் நன்கொடை அளித்து, நாடுகளின் உறவைக் கற்பிக்க ஒரு பேராசிரியர் பீடத்தை நிறுவினர். உலகிலேயே இத்துறைக்கு ஏற்பட்ட முதற் பீடம் அதுவே என்பர். பின்னர் அதற்கு அமெரிக்க ஜனாதிபதி வுட்ரோ வில்சனின் பெயர் சூட்டப்பட்டது. முதற் பேராசிரியர் ஆல்பிரட் சிம்மர்ன். அதே 1919-இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் வெளிநாட்டுப் பணிக்கென ஒரு கல்லூரியைத் தொடங்கிற்று. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் 1924-இல் ஒரு பீடம் ஏற்பட்டது.

போரை ஒழிக்க வேண்டும் என்ற எண்ணம் மெய்யானதே. அந்த 20,000 பவுனும் எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டேவிஸ் குடும்பத்தின் செல்வம் அவர்களுடைய பாட்டனார் தோண்டிய நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வந்தது. சுரங்கத்துக்குள் இறங்கியவனின் வியர்வையும் அந்தப் பீடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. கல்வெட்டில் அவன் பெயர் இல்லை. நம் ஊர்க் கோயில் மண்டபங்களைக் கட்டியவர் கதையும் இதுதானே!

இன்னொரு செய்தி இதனினும் கூர்மையானது. அமெரிக்காவில் இத்துறைக்கென வெளிவந்த முதற் பத்திரிகை எது தெரியுமா? 1910-இல் கிளார்க் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த அதன் பெயர் 'ஜர்னல் ஆஃப் ரேஸ் டெவலப்மென்ட்'. அதாவது இன வளர்ச்சி ஆராய்ச்சி இதழ். முன்னேறிய இனங்கள், பின்தங்கிய இனங்கள் என்று மனிதகுலத்தைப் பிரித்து, முன்னவர் பின்னவரை எங்ஙனம் ஆள்வது, எங்ஙனம் வளர்ப்பது என்ற வினாவே அதன் உயிர்நாடி. அதே இதழ் 1919-இல் 'ஜர்னல் ஆஃப் இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்' எனப் பெயர் மாறியது. 1922-இல் 'ஃபாரின் அஃபேர்ஸ்' என்ற இன்றுவரை புகழ்பெற்ற ஏட்டுடன் கலந்துவிட்டது. 'இனம்' என்றிருந்த இடத்தில் 'நாடு' என்று எழுதிக்கொண்டனர். ஆளுவோர் அமர்ந்து ஆளப்படுவோரைப் பற்றிப் பேசிய பாடமாகவே இது தொடங்கிற்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆளப்பட்டோர் அவ்வகுப்பறைக்குள் நுழைந்த வரலாறு தனி. மெர்சி டேட் என்ற கறுப்பின மாது 1905-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிச் சேர்த்த பணத்தோடும் உதவித்தொகையோடும் ஆக்ஸ்போர்டு சென்று, 1935-இல் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி அவரே. அவர் கற்றதும் பன்னாட்டு உறவுகளே. 1942 முதல் வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். கறுப்பின மக்களின் கல்விக்காக நடந்துவந்த அப்பல்கலைக்கழகத்தில்தான், பின்னாளில் 1950-இல் நோபல் சமாதானப் பரிசு பெற்ற ரால்ஃப் பன்ச் அரசியல் துறையை ஏற்படுத்தியிருந்தார். படைக் குறைப்பைப் பற்றி நூல் எழுதிய டேட் அம்மையார் 1950-51-இல் நம் நாட்டுக்கு வந்து சாந்திநிகேதனத்தில் கற்பித்துச் சென்றார் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி.

இனி லண்டன் பொருளாதாரப் பள்ளிக்கு வருவோம். அண்ணல் அம்பேத்கர் 1921-இல் எம்.எஸ்ஸி. பட்டமும் 1923-இல் டி.எஸ்ஸி. பட்டமும் பெற்ற நிலையம் அது என்பதை யாவரும் அறிவர். அங்கே 1930 முதல் 1962 வரை பன்னாட்டு உறவுப் பீடத்தில் அமர்ந்திருந்தவர் சார்லஸ் மானிங். பன்னாட்டு உறவு என்பது அரசியலின் கிளையன்று, வரலாற்றின் வாலுமன்று. இளங்கலை மாணவனுக்கே தனிப்பாடமாகக் கற்பிக்கத்தக்க தனிக் கலை என்று வாதாடியவர்களில் முன்நின்றவர் அவர். பல்கலைக்கழகங்களில் இப்பாடம் கற்பிக்கப்படும் முறையைப் பற்றி யுனெஸ்கோவுக்காக 1954-இல் அறிக்கை எழுதியவரும் அவரே. தென்னாப்பிரிக்காவிற் பிறந்த வெள்ளையரான அவர், அந்நாட்டின் நிறவெறி ஆட்சியை வெளிப்படையாக ஆதரித்துப் பேசியும் எழுதியும் வந்தார். கறுப்பரைச் சேரியில் அடைத்த ஆட்சிக்குப் பரிந்து பேசியவரே இப்பட்டப் படிப்பின் சிற்பிகளில் ஒருவர்! இதனை மறைத்துவிட்டு இப்பாடத்தின் பெருமையைப் பேசுவது நேர்மையன்று.

அதே மானிங் பேராசிரியராக இருந்த காலத்தில், போருக்காகக் கேம்பிரிட்ஜுக்கு இடம்பெயர்ந்திருந்த அப்பள்ளி லண்டனுக்குத் திரும்பிய 1945-ஆம் ஆண்டில், திருவிதாங்கூரின் உழவூரிலிருந்து ஓர் இளைஞர் அங்கு வந்து சேர்ந்தார். அவரே கே. ஆர். நாராயணன். தீண்டப்படாதோர் எனப்பட்ட பரவ சமூகத்திற் பிறந்தவர். தந்தையார் நாட்டு வைத்தியர். நாள்தோறும் வயல்வெளிகளூடே பல மைல் நடந்து பள்ளி சென்றார். கட்டணம் கட்டாத நாள்களில் வகுப்புக்கு வெளியே நின்று பாடங் கேட்டார். புத்தகம் வாங்க வழியில்லாததால், அவருடைய அண்ணன் பிறரிடம் இரவல் பெற்ற நூல்களைக் கையால் எழுதிக் கொடுத்தார். 1943-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். சிறிது காலம் பத்திரிகைத் தொழில் பார்த்தபின், டாட்டா உதவித்தொகை கிடைத்து லண்டன் சென்றார்.

அங்கே அவர் எடுத்தது என்ன? முதுகலை முடித்தவர் மீண்டும் இளங்கலை மாணவராக அமர்ந்தார்! அரசியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பி.எஸ்ஸி. பொருளாதாரப் பட்டம். ஆசிரியர் ஹெரால்டு லாஸ்கி. 1948-இல் முதல் வகுப்பில் தேறித் தாயகம் திரும்பியபோது நேருவுக்கு லாஸ்கி எழுதிய அறிமுகக் கடிதம் அவர் கையில் இருந்தது. 1949-இல் இந்திய வெளிநாட்டுப் பணியிற் சேர்ந்தார். ரங்கூன், டோக்கியோ, லண்டன், கான்பெரா, ஹனாய் எனப் பல ஊர்களில் பணி. பின்பு தாய்லாந்து, துருக்கி, சீனா ஆகிய நாடுகளில் தூதர். இந்திய-சீனப் போருக்குப் பின் பெய்ஜிங்கில் நம் தூதர் நாற்காலி பல்லாண்டுகள் காலியாகவே கிடந்தது. 1976-இல் அதில் அமர அனுப்பப்பட்டவர் இவர்தாம். 1980 முதல் 1984 வரை அமெரிக்காவில் தூதர். 1997 முதல் 2002 வரை குடியரசுத் தலைவர்.

2000-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் டெல்லி வந்தபோது, விருந்து மேடையில் நாராயணன் ஆற்றிய உரை வெளிநாட்டுப் பத்திரிகைகளைத் திடுக்கிடச் செய்தது. உலகம் ஒரு கிராமமாகிவிட்டது என்கிறீர்கள், ஆனால் அந்தக் கிராமத்தை ஒரே நாட்டாண்மைக்காரர் ஆள்வார் என்பது அதற்குப் பொருளன்று, பஞ்சாயத்தே ஆள வேண்டும் என்ற கருத்தில் அவர் பேசினார். கிராமத்து நாட்டாண்மை என்றால் என்னவென்று உழவூர்ச் சிறுவனுக்குப் புத்தகத்திலிருந்து கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

நம் நாட்டில் இப்பாடம் வேர்விட்டது விடுதலைக்குப் பின்னரே. 1955-இல் டெல்லியில் இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி தொடங்கிற்று. அதன் முதல் இயக்குநர் அ. அப்பாதுரை, தென்னிந்தியப் பொருளாதார வரலாறு பற்றிச் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக நூல் எழுதியவர். அப்பள்ளி 1970-இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. 1979-80-இல் அப்பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக இருந்தவரும் நாராயணனே. ஆனால் அது முதுகலைக்கும் ஆராய்ச்சிக்குமான இடம். இளங்கலையிலேயே இதனைக் கற்பிக்கும் பழைய துறையென்றால் கல்கத்தாவின் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தைச் சொல்ல வேண்டும்.

'இதெல்லாம் தூதராகப் போகிறவனுக்கு. சேரிப் பிள்ளைக்கு எதற்கு?' என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் 1951 செப்டம்பரில் மத்திய அமைச்சர் பதவியைத் துறந்தபோது வெளியிட்ட அறிக்கையைக் காட்டுவேன். ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாயில் 180 கோடியைப் படைக்கே செலவிடுகிறோம். இதற்குக் காரணம் நமது வெளிநாட்டுக் கொள்கையே என்று அதிற் குறிப்பிட்டார். பதவி விலகியதற்கு அவர் கூறிய காரணங்களில் வெளிநாட்டுக் கொள்கையும் ஒன்று. நண்பர் இல்லாத நாடு துப்பாக்கிக்குச் செலவழிக்கும்; துப்பாக்கிக்குப் போனது பள்ளிக்கூடத்துக்கு வராது. 1946-இலேயே அவர் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டிருந்தார்.

இதற்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. அது ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1965 டிசம்பர் 21-இல் ஏற்றது. இனப் பாகுபாடு எவற்றின் அடிப்படையில் எழுகிறது என்று அதன் முதற் பிரிவு வரையறுக்கிறது. இனம், நிறம் ஆகியவற்றை அடுத்து மூன்றாவதாக நிற்கும் சொல்லின் பொருள் 'வமிச வழி', அதாவது பிறப்புத் தொடர்ச்சி. அச்சொல்லைச் சேர்க்க வேண்டுமென முன்மொழிந்த நாடு இந்தியாவே. 1968-இல் நம் அரசு அவ்வுடன்படிக்கையை ஏற்று உறுதி செய்தது. பிற்காலத்தில் அவ்வுடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு, சாதிக் கொடுமையும் அச்சொல்லுக்குள் அடங்கும் என்று 1996-இல் கூறியது; 2002-இல் பொதுப் பரிந்துரையாகவே வெளியிட்டது. சாதி என்பது இனமன்று, ஆகவே அடங்காது என்பது நம் அரசின் வாதம். 2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கூடிய உலக மாநாட்டிலும் அவ்வாதமே நின்றது. நம்மவர் பலர் அங்கே சென்று முழங்கியும், மாநாட்டின் முடிவு ஏட்டில் சாதி என்ற சொல் இடம்பெறவில்லை.

சிந்தியுங்கள், இளைஞர்களே! கோடிக்கணக்கான மக்களின் வழக்கு ஒரு சொல்லின் பொருளில் தொங்குகிறது. அச்சொல் எப்போது நுழைந்தது, யார் எதற்காக நுழைத்தார், குழுவின் பரிந்துரை ஓர் அரசை எவ்வளவு கட்டுப்படுத்தும், 'உள்நாட்டு விவகாரம்' என்ற வேலி எங்கே முடிகிறது என்பனவற்றையெல்லாம் கற்பிக்கும் பாடம் இதுதான். ஊர்வலத்திற் செல்ல நம்மிடம் ஆள்கள் உண்டு. அறைக்குள் அமர்ந்து உடன்படிக்கையின் வாசகத்தை வரிவரியாகப் படித்து வாதாட வல்லவர் போதிய அளவில் இல்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். இப்பெயர் தாங்கிய இளங்கலைப் பட்டம் வேண்டுமென்று கடன் வாங்கித் தொலைதூரத் தனியார் பல்கலைக்கழகங்களை நாடி ஓடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். பட்டத்தின் பெயர் ஒருவனைத் தூதராக்குவதில்லை. அரசியல், வரலாறு, பொருளாதாரம் ஆகியவற்றுள் ஒன்றை அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் ஊன்றிப் படித்து, ஆங்கிலத்தோடு பிரெஞ்சு, சீனம் போன்ற இன்னொரு மொழியையும் கற்றுக்கொள்பவன், வெறும் பெயர்ப் பட்டம் பெற்றவனை எளிதில் முந்திவிடுவான். நாராயணனின் பட்டத்திலும் அப்பெயர் இருந்ததில்லை. வெளிநாட்டுப் பணிக்கான தேர்வெழுத எந்தப் பாடத்தில் இளங்கலைப் பட்டம் இருந்தாலும் போதும். முதன்மைத் தேர்வில் அரசியலும் பன்னாட்டு உறவும் சேர்ந்த விருப்பப் பாடம் உண்டு. விடைகளைத் தமிழிலும் எழுதலாம்.

வெளிநாடு சென்று படிக்க விரும்புவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்காக 1954-55 முதல் மத்திய அரசு வழங்கிவரும் வெளிநாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் ஆராய்ச்சிக்குமே உரியது, இளங்கலைக்கு இல்லை. எனவே முதற்பட்டத்தை இங்கேயே நல்ல வகுப்பில் பெற்றாக வேண்டும். அன்றியும், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இவ்வுதவி கிடையாது என 2022-இல் விதி வகுத்துவிட்டனர். நம் சாதி நிலையை அயல்நாட்டில் ஆராயச் செல்பவனுக்கு அக்கதவு அடைபட்டது. அவ்விதி வந்தபோது அதை எதிர்த்தவர்களுள் மாணவர்களும் உண்டு.

மேற்சொன்ன உடன்படிக்கை மொத்தம் 25 பிரிவுகளே கொண்டது. ஒரு மாலைப் பொழுதில் படித்து முடித்துவிடலாம். ஆங்கில மூலத்தை எதிரே வைத்துக்கொண்டு, முதற் பிரிவைத் தமிழில் எழுதிப் பார்க்குமாறு கல்லூரி செல்லும் நம் பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த மூன்றாவது சொல்லுக்கு நான் 'வமிச வழி' என்று எழுதியிருக்கிறேன். அதனினும் பொருத்தமான சொல் கிடைக்குமாயின் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள்.