யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிளகாய்ச் செய்கை

இலங்கையின் வட முனையிலுள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில் சிறு தோட்டக்காரர்கள் கிணற்று நீரை இறைத்துச் செய்துவரும் முதன்மைப் பணப்பயிர்களுள் மிளகாயும் ஒன்று. புகையிலை, சின்ன வெங்காயம் ஆகியவற்றோடு சேர்ந்து பல தலைமுறைகளாக இப்பகுதிக் கமக்காரக் குடும்பங்களைத் தாங்கிவந்தது. 1970 முதல் 1977 வரை இப்பயிர் அதன் உச்சத்தில் இருந்தது. பின்னர் தாராள இறக்குமதியும் போரும் அதனைச் சுருக்கின. முன்பு செத்தல் மிளகாயாகக் (காய்ந்த மிளகாய்) கொழும்புக்கு ஏறிய விளைச்சல் இன்று பெரும்பாலும் பச்சை மிளகாயாகச் சந்தைக்கு வருகிறது.

நிலமும் நீரும்

கறுவா, கராம்பு, ஏலம், மிளகு ஆகிய வாசனைப் பயிர்கள் இலங்கையின் ஈரவலயத்துக்கும் மலைநாட்டுக்கும் உரியவை. குடாநாடோ வறண்ட சுண்ணாம்புக்கல் தரை. வற்றாத ஆறு ஒன்றும் இங்கில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறே உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை பாறை வெடிப்புகளினூடாக இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீராகத் தேங்குகிறது. கிணறுகள் எட்டுவது அந்த நன்னீரைத்தான். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும்.

குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தின் செம்மண் தோட்டச் செய்கைக்குப் பெயர்பெற்றது. காணி இங்கே பரப்புக் கணக்கில் பேசப்படும். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின் வழியே காணி சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்துகொண்டே வந்தது. தோட்டத்தோடு கிணற்றிலும் பங்கு பிரிந்ததால், பங்காளிகள் முறைவைத்து நீர் இறைத்தார்கள். இத்தனை சிறிய துண்டில் ஒரு குடும்பம் பிழைக்க வேண்டுமாயின், பரப்புக்குக் கூடிய பணம் தரும் பயிரே தேவைப்பட்டது.

தோற்றம்

அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாகத் தென்னாசியாவுக்கு வந்தது. அதுவரை உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்த அடுக்களைகளில் அது விரைவில் இடம்பிடித்தது. மிளகு வளராத வறண்ட நிலத்திலும் மிளகாய் வளர்ந்தது.

ஆயினும் நெடுங்காலம் குடாநாட்டின் முதன்மைப் பணப்பயிராக இருந்தது புகையிலையே. அதன் பெரிய சந்தை திருவிதாங்கூர். 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அச்சந்தை தளர்ந்தபோது தோட்டக்காரர்கள் வெங்காயத்தையும் மிளகாயையும் கூடுதலாக நாடினார்கள். 1905இல் முழுமை பெற்ற வடபகுதி ரயில் பாதை இவ்விளைபொருள்களைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல உதவியது.

செய்கை முறை

பழைய முறையில் ஒருவர் துலாவில் (கிணற்று ஏற்றம்) ஏறி மிதிக்க, ஒருவர் பட்டையைப் (நீர் அள்ளும் கலம்) பிடித்து நீரை ஊற்ற, மற்றொருவர் வாய்க்காலில் நின்று பாத்திக்குத் திருப்பிவிடுவார். 1950களிலிருந்து மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் துலாவின் இடத்தைப் பிடித்தன. பல ஆட்களின் வேலையை ஒருவரே செய்ய முடிந்ததால் நடவுப் பரப்புக் கூடியது; எரிபொருள் செலவும் அதனோடு சேர்ந்துகொண்டது.

மண்ணைப் பண்படுத்தக் குழை (பச்சிலை) தாழ்ப்பதும், ஆடு மாடுகளைத் தோட்டத்தில் இரவில் பட்டி அடைப்பதும் வழக்கம். மாரியில் நாற்றுமேடையில் விதை போட்டு, மழை குறையும் மார்கழி, தை மாதங்களில் கன்று நடுவார்கள். காய் பழுத்ததும் சுற்றுச்சுற்றாகப் பழம் பறிக்கப்படும். இது பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. பழத்தை முற்றத்தில் பரப்பிப் பல நாள் வெயிலில் உலர்த்தினால் ஏறத்தாழ 4 கிலோ பழத்துக்கு 1 கிலோ செத்தல் கிடைக்கும்.

உலர்ந்த மிளகாயைச் சாக்கில் கட்டி மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். விலை ஏறும்வரை காத்திருக்கவும், பள்ளிச் செலவுக்கோ கலியாணத்துக்கோ வேண்டிய அளவை மட்டும் எடுத்து விற்கவும் சிறு தோட்டக்காரருக்கு இதனால் முடிந்தது.

1970–1977

1970இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் உணவுப்பொருள் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. மிளகாயும் வெங்காயமும் அதில் அடங்கின. விலை ஏறியது. தெற்கிலே நுகர்வோர் தவித்த அதே ஆண்டுகளில் குடாநாட்டுத் தோட்டக்காரரின் கையில் காசு புழங்கியது. கல்வீடுகள் எழுந்தன, உழவு இயந்திரங்களும் நீரிறைக்கும் இயந்திரங்களும் பெருகின.

பல்கலைக்கழக அனுமதியில் மொழி, மாவட்ட அடிப்படையிலான தரப்படுத்தலும், அரச வேலைகளின் சுருக்கமும் படித்த இளைஞரைத் தோட்டத்தின் பக்கம் திருப்பின. குடாநாட்டுக்குத் தெற்கேயுள்ள வன்னியில் முத்தையன்கட்டு, விசுவமடு ஆகிய இடங்களின் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்ற இளைஞர் மிளகாய் நட்டார்கள். மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எம்.ஐ.1, எம்.ஐ.2 மிளகாய் வர்க்கங்கள் பரவின. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறி இறைப்புச் செலவு கூடியபோதும், மிளகாய் விலை அதைத் தாங்கியது.

1977க்குப் பின்

1977 யூலையில் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. குறைந்த விலை இறக்குமதி மிளகாய் கொழும்புச் சந்தையை நிறைத்தது. இங்கே நீரை இறைக்க வேண்டும், காணியோ சிறியது, கூலியும் அதிகம். இச்செலவுக்கு ஈடான விலை கிடைக்கவில்லை. அதே மண்ணும் உழைப்பும் இருந்தும் வருமானம் விழுந்ததால், முந்தைய செழிப்புக்கு விளைதிறனைவிட இறக்குமதிக் கட்டுப்பாடே பெரிய காரணம் என்பது வெளிப்பட்டது.

போர்க்காலம்

1990இல் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டதும் ரயில் நின்றது. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி அடைபட்டது. யூரியாவும் எரிபொருளும் பொருளாதாரத் தடைக்குள் வந்தன. வலிகாமம் வடக்கில் பலாலி, காங்கேசன்துறைச் சுற்றாடலின் செம்மண் காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாகி, உரியவர்கள் இடம்பெயர்ந்தார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாகக் குடாநாட்டின் தென்கிழக்குப் பகுதியான தென்மராட்சிக்கு வெளியேறியபோது தோட்டங்கள் நீரின்றிக் காய்ந்தன.

2002இல் ஏ-9 திறந்ததும் தெற்கத்திய சந்தை மீண்டும் எட்டியது. 2006 ஓகஸ்டில் வீதி மறுபடியும் மூடப்பட்டது.

2009க்குப் பின்

போர் முடிந்தபின் பாதை திறந்து, வலிகாமம் வடக்குக் காணிகளின் ஒரு பகுதி கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டது. 2015இல் விவசாயத் திணைக்களம் மிச் எச்.வை.1 என்ற கலப்பின மிளகாயை வெளியிட்டது. உலக வங்கி நிதியில் நடந்த விவசாயத் துறை நவீனமயமாக்கல் திட்டத்தில் யாழ்ப்பாண மாவட்டமும் இடம்பெற்றது. சொட்டு நீர்ப்பாசனமும் தூவல் நீர்ப்பாசனமும் மெல்லப் பரவின.

2021இல் கோட்டாபய ராஜபக்ச அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, அதே ஆண்டு இறுதியில் தடையை நீக்கியது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏற்றப்பட்டபோது, மண்ணெண்ணெயில் இறைத்துவந்த தோட்டங்கள் நேரடியாக அடிபட்டன. மின்மோட்டரும் சூரியசக்தியும் அதன்பின் கூடுதல் கவனம் பெற்றன.

கறித்தூள்

செத்தல் மிளகாயோடு மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து வறுத்து அரைப்பது யாழ்ப்பாணக் கறித்தூள். கனடா, பிரித்தானியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் வாழும் யாழ்ப்பாணத்தவரிடையே இதற்கு நிலையான சந்தை உண்டு. வீட்டுத் தொழிலாகவும் சிறு ஆலைகளிலும் இது செய்யப்படுகிறது. பெண் தலைமைக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது வருமான வழி. ஆயினும் இலங்கையில் புழங்கும் செத்தல் மிளகாயின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவதால், தூளின் பெயர் யாழ்ப்பாணத்துக்கு உரியதாக இருக்க, அதன் இலாபத்தில் தோட்டக்காரரின் பங்கு சிறிதாகவே இருக்கிறது.

சிக்கல்கள்

இலையைச் சுருட்டும் இலைப்பேனும் சிற்றுண்ணியும், இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈயும் செடியை முடக்குகின்றன. உரமும் எருவும் அளவுக்கு மீறி இடப்பட்டதால், தோட்டங்களை அண்டிய பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார அமைப்பின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியுள்ளது. குடிநீரும் இறைப்பு நீரும் ஒரே நிலத்தடி ஊற்றிலிருந்து வருவதால், இது தோட்டத்தோடு நின்றுவிடும் சிக்கல் அல்ல.

பச்சை மிளகாயை நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது. பறித்தவுடன் சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலி, கொடிகாமம் சந்தைகளில் அன்றைய விலைக்கே கொடுக்க வேண்டும். அங்கே எடையில் கழிவு வெட்டும் வழக்கம் நெடுநாள் முறைப்பாடு. செத்தல் மிளகாய் தந்த காத்திருக்கும் வசதி, பயிர் பச்சையாக விற்கப்படத் தொடங்கியதும் போய்விட்டது. குளிர்சேமிப்பும் கூட்டுறவு உலர்த்து நிலையமும் இந்த இடைவெளியை நிரப்ப முன்வைக்கப்படும் வழிகள்.

விலையைக் காக்க அரசு வைத்திருக்கும் கருவி, 2007ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த விசேட வியாபாரப் பண்ட அறவீடு. செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதிமீது விதிக்கப்பட்ட இவ்வறவீட்டை வர்த்தமானி அறிவித்தல் மூலம் எந்நேரமும் மாற்றலாம். மார்கழியில் கன்று நடும் தோட்டக்காரர், ஆடியில் பழம் பறிக்கும்போது எந்த வரி நடைமுறையில் இருக்கும் என்பதை அறிந்து நடுவதில்லை.