சுவரில் ஓடும் சரித்திரம்

ஆவுடையார்கோவில் என்றதும் கொடுங்கையைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுவார்கள். நான் எழுதப்போவது எங்கள் ஓட்டு வீட்டின் வயரிங்கைப் பற்றி. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு.

பைக்காராவில் 1932இல் நீர்மின் உற்பத்தி தொடங்கியது. மேட்டூர் மின்நிலையம் 1937இல் வந்தது. ஆனாலும் கிராமங்களுக்கு வெளிச்சம் வந்தது பெரும்பாலும் சுதந்திரத்துக்குப் பிறகுதான். 1957 ஜூலை 1ஆம் தேதி மின்சார வாரியம் அமைந்தது. காமராஜர் ஆட்சியில் ஊர் ஊராகக் கம்பம் நட்டார்கள். அப்போது நாம் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள். புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது 1974இல்தான்.

அன்றைய வீட்டுக்கு நாலைந்து 40 வாட் பல்பு, ஒரு ரேடியோ, வசதி இருந்தால் ஒரு ஃபேன். எல்லாம் சேர்ந்து 300 வாட்டைத் தாண்டாது. அதற்கேற்ற மெல்லிய கம்பியை மர ரீப்பரில் கிளிப் அடித்து ஓட்டினார்கள். ரப்பர் உறை நாளடைவில் காய்ந்து உதிரும். பிறகு செம்புத் தட்டுப்பாட்டில் அலுமினியக் கம்பி புழக்கத்துக்கு வந்தது. அது ஸ்க்ரூ இடத்தில் தளர்ந்து சூடேறும். எங்கள் வீட்டில் இந்த இரண்டு தலைமுறைக் கம்பியும் இருந்தன.

இன்று ஒரு கீசர் மட்டுமே 2,000 வாட். ஏறக்குறைய 9 ஆம்பியர். மழை நாளில் கிரைண்டரைத் தொட்டால் என் மனைவிக்குச் சுரீர் என்றது. "ஈரக்கை, அதனால்தான்" என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்தோம். அவர் மெயினை அணைத்து, மெக்கர் கருவி வைத்துப் பார்த்தார். ஒரு மெகாஓமாவது காட்ட வேண்டும். அடுப்பங்கரை லைன் அதில் கால்வாசிகூடக் காட்டவில்லை. கொல்லையில் எர்த் குழாய் துருப்பிடித்து அறுந்திருந்தது. பீங்கான் ஃபியூஸில் யாரோ எப்போதோ தடித்த கம்பியைச் சுற்றியிருந்தார்கள். வீடு எரிந்தாலும் அந்த ஃபியூஸ் போயிருக்காது.

பழைய கம்பி முழுவதையும் எடுத்துவிட்டோம். விளக்குகளுக்கு 1.5, பிளக்குகளுக்கு 2.5, கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, எல்லாம் பிவிசி குழாய்க்குள். புது எர்த் குழி தோண்டினோம். ஒவ்வொரு லைனுக்கும் ஓர் எம்சிபி, மொத்தத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எம்சிபி கம்பியைக் காக்கும். கசிவு தெரிந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து ஆளைக் காப்பது ஆர்சிசிபி. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது தவறு.

செலவைக் கேட்டு மலைத்தவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு வாசலில் சீரியல் செட் போடும் வீடுகளில்கூட எர்த் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன்: சுவிட்ச் சூடானாலும், விளக்கு மினுக்கினாலும், தொட்டால் சுரீர் என்றாலும் தள்ளிப்போடாதீர்கள். ஆர்சிசிபி இருந்தால், மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். உடனே ட்ரிப் ஆக வேண்டும்.