ரயில் போகாத டாப் ஸ்டேஷன்

போடிநாயக்கனூருக்கு மேற்கே குரங்கணியிலிருந்து மலையேறிப் போனால் 'சென்ட்ரல்' என்று ஓர் ஊர் வரும். அதற்கும் மேலே, முகட்டில், 'டாப் ஸ்டேஷன்'. இரண்டு ஊர்களிலும் தண்டவாளம் கிடையாது, புகைவண்டியும் கிடையாது. பிறகு ஏன் ஸ்டேஷன் என்ற பெயர்? வாசகர்களே, இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு விசித்திரமான சரித்திரம் இருக்கிறது.

மூணாறுத் தேயிலைக்குத் தூத்துக்குடித் துறைமுகம் போக வழி வேண்டியிருந்தது. அதற்காக 1902இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். வண்டியின் பாரம் பெரும்பாலும் ஒரே தண்டவாளத்தின் மேல். பக்கத்தில் மண் சாலையில் உருளும் பெரிய சக்கரம் ஒன்று வண்டி சாயாமல் காக்கும். இழுத்தவை மாடுகள்! 1908இல் இதை எடுத்துவிட்டு, இரண்டடி அகல இருப்புப் பாதை அமைத்து நீராவி எஞ்சினை ஓட்டினார்கள்.

டாப் ஸ்டேஷனில் ரயில் நின்றுவிடும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் இறங்கிக் கொட்டகுடிக்கு வரும். அதுதான் 'பாட்டம் ஸ்டேஷன்'. அதன்பின் போடி வரை மாட்டுவண்டி.

ரயிலையே கீழே இறக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். போடி கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 350 மீட்டர்; டாப் ஸ்டேஷன் 1,700 மீட்டருக்கும் மேல். இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையே உராய்வு குறைவு. சமவெளியில் ரயிலுக்கு லாபமாக இருக்கும் அதே குணம் மலையில் பகையாகிவிடுகிறது, சக்கரம் வழுக்கும். 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்று வைத்தால், மலையைச் சுற்றிச் சுற்றி 135 கிலோமீட்டர் பாதை வேண்டும். நீலகிரியில் 12 அடிக்கு 1 அடி ஏற்றத்தில் ரயில் ஏறுகிறதே என்றால், அங்கே பற்சக்கரம் உண்டு. அந்தச் செலவு இங்கே யாருக்குக் கட்டும்? கம்பிவடத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை.

1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தார் அதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள். குண்டளை ரயில் அடியோடு போயிற்று. அதை மறுபடி கட்டவில்லை.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது 1928இல்! மேலே ரயில் இருந்தபோது கீழே இல்லை. கீழே வந்தபோது மேலே இல்லை. நான்கே வருட இடைவெளி. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவேயில்லை.

போடி ரயிலின் ஜாதகமும் அவ்வளவு நல்லதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். 2010 இறுதியில் அகலப் பாதையாக்குவதற்காக நிறுத்தினார்கள். தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூன் 15ஆம் தேதியும் ரயில் வந்தது. நின்றபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, திரும்பி வருவதற்குள் பிளஸ் டூ முடித்துவிட்டது. 90 கிலோமீட்டர் பாதைக்கு இது மிக நீண்ட காலம் என்பதே என் அபிப்பிராயம்.

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏலக்காய் வியாபாரம் படுத்துவிட்டதா? இல்லை. ஏலக்காய் எடை குறைந்த, விலை உயர்ந்த சரக்கு. ஒரு லாரி போதும். போடியில் ஏலம் நடந்துகொண்டுதான் இருந்தது. சிரமப்பட்டவர்கள் மதுரைக்குப் படிக்கவும் வைத்தியத்துக்கும் போக வேண்டிய மனிதர்கள். பஸ்ஸில் கூடுதல் காசு கொடுத்துப் போனார்கள்.

மதுரையிலிருந்து போடிக்குப் போகிறவர்கள் உசிலம்பட்டி தாண்டியதும் ஜன்னலோரம் உட்காருங்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையைக் குடைந்து வெட்டிய பாதை தெரியும். போடியில் இறங்கினால் எதிரே மலை. தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடும். தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் மேலே போவது ஜீப்பில்தான்.