ஊதாரி மைந்தன் இசைத்தட்டில் ஏறிய கதை



லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தின் ஊதாரி மைந்தன் உவமையைத் தவக்காலத்தில் கேட்டுப் பழகியவர்கள் நாம். இந்திய மொழிகளின் வரலாற்றிலும் அந்த உவமைக்கு இடம் உண்டு.

அயர்லாந்தில் பிறந்த ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன் 1898இல் இந்திய மொழிகளின் கணக்கெடுப்புக்குப் பொறுப்பேற்றார். மொழிகளை ஒப்பிட ஒரே கதை தேவைப்பட்டது. இந்த உவமையையே தேர்ந்தார்கள். நான், நீ, அவன் என்ற மூவிடமும், முக்காலமும் அதில் வந்துவிடுகின்றன என்பதே காரணம்.

ஆனால் ஏட்டில் எழுதினால் சொல் நிற்கும், குரல் நிற்காது. ஆகவே பேச்சை இசைத்தட்டிலும் பதித்தார்கள். கிரியர்சனின் களப்பணி சென்னை மாகாணத்துக்கு வரவில்லை. எனினும் இம்மாகாண மொழிகளுக்கும் தனியே இசைத்தட்டுகள் உருவாயின. அவற்றின் வாசகங்கள் 1927இல் அச்சாயின.

ஒலிவாங்கி பரவுமுன் பதிவு எளிதன்று. புனல் போன்ற குழாய்க்குள் உரக்கப் பேச வேண்டும். அந்த அதிர்வில் ஊசி அசைந்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடமே. நாத் தவறினால் வேறு மெழுகுத் தட்டு!

இன்று நம் பிள்ளைகளின் மடிக்கணினி அதே ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகச் சேமிக்கிறது. தவறினால் மீண்டும் பேசலாம், செலவில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள். மெத்தையும் துணிமணியும் உள்ள அறையில் எதிரொலி குறையும். ஒலிவாங்கியை வாய்க்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். பதிவை இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

யாருடைய குரலை? அன்று அரசாங்கம் செய்ததை இன்று ஒரு பேரப்பிள்ளை செய்யலாம். தேவதானத்தில் நம் பாட்டிமார் செபமாலை சொல்லும் இழுவை, தாலாட்டு, ஒப்பாரி, வயல்வேலைச் சொற்கள் எந்தப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை. அவர்கள் கண்மூடினால் அவையும் அடக்கமாகிவிடும். புகைப்படத்தை மாலையிட்டு மாட்டுகிறோம். குரலை மட்டும் போகவிடுகிறோம்.

நம்பிக்கை செவிவழியாகவே வருகிறது என்றார் பவுலடியார். நமக்கு முதன்முதலில் சிலுவை அடையாளம் சொல்லித்தந்ததும் ஒரு குரல்தானே? தொலைவில் வந்த மகனைத் தந்தை ஓடிச்சென்று தழுவினார். நாமும் குரல்கள் தொலையுமுன் ஓடிச்சென்று சேர்த்துக்கொள்வோம். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், வீட்டுப் பெரியவர் அருகில் உட்கார்ந்து, “தாத்தா, பேசுங்க” என்று கேளுங்கள்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.