ஒன்பதில் ஏழு: 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம்

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் சம்பள நேரம். பனியன் கம்பெனிகளில் வாரக் கணக்கை முடித்து, பீஸ் ரேட்டுக்காரர்கள் எத்தனை பீஸ் என்று சரிபார்த்து வாங்கிக்கொண்டு கிளம்பும் நேரம். 2019 மார்ச் 9-ம் ஒரு சனிக்கிழமைதான். அன்று சாயங்காலம் இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, கோவை நேரு ஸ்டேடியத்தில், வேறொரு கணக்கு முடிய வேண்டியிருந்தது. 2018-19 ஐ-லீக் கால்பந்து கோப்பை யாருக்கு என்ற கணக்கு.

ஒரு மேட்ச்சுக்கு முன்னால் ரசிகர்கள் என்ன எதிர்பார்த்திருக்க முடியும், எந்த அடிப்படையில், அதில் எது பலித்தது? கொங்கு வட்டாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க இதைவிட நல்ல நாள் எனக்குத் தெரியவில்லை.

முதலில் நிலவரம். 11 அணிகள், ஆளுக்கு 20 ஆட்டங்கள். 19 முடிந்த நிலையில் சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. கடைசி நாளில் இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். கோவையில் சென்னை சிட்டிக்கு எதிரே மினர்வா பஞ்சாப். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரே கோகுலம் கேரளா. பெயரில்தான் சென்னை, அந்த சீசனில் சொந்த மைதானம் கோவை. அதனால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது "நம்ம டீம்".

இனி பேனா பேப்பர் எடுத்துக்கலாம். இரண்டு ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் வெற்றி, டிரா, தோல்வி என்று மூன்று முடிவுகள். மொத்தம் ஒன்பது சேர்க்கை. சென்னை ஜெயித்தால் 43, கதை முடிந்தது. சென்னை டிரா செய்தால் 41. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்து 42 எடுத்தால் மட்டும் கோப்பை கைமாறும். சென்னை தோற்று 40-லேயே நின்றால்? அங்கே ஈஸ்ட் பெங்கால் டிரா செய்தால் அவர்களுக்கும் 40. சமமானால் இரு அணிகளும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களைப் பார்ப்பார்கள். அந்த சீசனில் கொல்கத்தாவிலும் கோவையிலும் இரண்டு முறையும் சென்னைதான் 2-1 என்று ஜெயித்திருந்தது. ஆக ஒன்பதில் ஏழு சென்னைக்கு, இரண்டே இரண்டு ஈஸ்ட் பெங்காலுக்கு.

கணக்கு இப்படிச் சாதகமாக இருந்தால் நிம்மதியாகப் போய் உட்கார வேண்டியதுதானே? இல்லீங்க. பயப்படவும் காரணங்கள் இருந்தன.

முதல் காரணம் முந்தைய ஆட்டம். சர்ச்சில் பிரதர்ஸை ஜெயித்திருந்தால் அன்றைக்கே 43 ஆகியிருக்கும், கடைசி நாளுக்கு வேலையே இருந்திருக்காது. அதில் தோற்றுவிட்டார்கள். இரண்டாவது, எதிரே நின்ற மினர்வா. அந்த சீசனில் பட்டியலில் கீழே கிடந்தாலும் அதுதான் நடப்பு சாம்பியன். போன வருஷக் கடைசி நாளில் நான்கு அணிகளுக்குக் கோப்பை வாய்ப்பு இருந்தபோது, சர்ச்சிலை 1-0 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிய அணி. இழக்க ஒன்றும் இல்லாத அணி சும்மா ஆடிவிட்டுப் போகும் என்று ஒரு கட்சி, பயமில்லாமல் ஆடும் என்று இன்னொரு கட்சி. எந்த ஊர் டீக்கடையிலும் கேட்கக்கூடிய வாதம்தான் இது.

நம்பிக்கைக்கும் காரணங்கள் குறைவில்லை. அந்த லீக்கிலேயே அதிக கோல் அடித்த அணி சென்னை சிட்டி. பெட்ரோ மான்சி சீசன் முடிவில் 21 கோல்களோடு, சர்ச்சிலின் வில்லிஸ் பிளாசாவுடன் சேர்ந்து முதலிடத்தில் நின்றவர். பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ். அதுவரை ஐ-லீக்கையோ, அதற்கு முன்பிருந்த தேசிய லீக்கையோ தமிழ்நாட்டு கிளப் எதுவும் வென்றதில்லை.

எதிர்ப்பக்க நம்பிக்கையையும் பார்க்காமல் விடக்கூடாது. ஈஸ்ட் பெங்கால் 1920-ல் தொடங்கிய கிளப். கிழக்கு வங்காளத்திலிருந்து பெயர்ந்து கொல்கத்தாவுக்கு வந்தவர்கள் தங்களுடையது என்று பிடித்துக்கொண்ட பெயர் அது. கடைசியாக தேசிய லீக் வென்றது 2003-04-ல். அதன்பிறகு ஐ-லீக்கில் 2010-11, 2011-12, 2013-14 என்று மூன்று முறை இரண்டாம் இடம். அவர்களுடைய நம்பிக்கை ஒன்பதில் இரண்டு என்ற கணக்கிலிருந்து வரவில்லை. பதினைந்து வருஷம் காத்திருந்த எங்களுக்கு இந்த முறையாவது கிடைக்காதா என்ற உரிமையிலிருந்து வந்தது. வங்காளம், அசாம், ஒடிசா, பீகார் என்று பல ஊர்க்காரர்கள் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் திருப்பூரில் இருந்துகொண்டு பார்த்தால், ஊரை விட்டு வந்தவர்கள் ஒரு கிளப்பை ஏன் இப்படி இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது ரொம்ப விளக்கம் தேவைப்படாத விஷயம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்தார். சென்னை 0-1. இடைவேளை வரைக்கும் அதேதான். ஸ்டேடியத்தில் இருந்தவர்களுக்கு எல்லாம் தலைகீழாகப் போனது போல இருந்திருக்கும். ஆனால் பட்டியலை மட்டும் பார்த்தால், கோழிக்கோட்டில் அப்போது 0-0. இருவருக்கும் 40, நேருக்கு நேர் கணக்கில் சென்னை முன்னால். தோற்றுக்கொண்டிருந்தபோதும் கோப்பை கோவையில்தான் இருந்தது!

56-வது நிமிடத்தில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா கோல் அடிக்க 2-1. கிட்டத்தட்ட அதே சமயத்தில் கோழிக்கோட்டில் மார்கஸ் ஜோசப் அடித்து கோகுலம் முன்னிலை. ஈஸ்ட் பெங்கால் விடவில்லை. 79-வது நிமிடத்தில் ஹைமே சாண்டோஸ் பெனால்டியில் ஒன்று, 85-வது நிமிடத்தில் லால்டன்மாவியா ரால்ட்டே இன்னொன்று. அங்கே 2-1.

உண்மையான ஆபத்து வந்தது அப்போதுதான். ஈஸ்ட் பெங்கால் 42-க்கு வந்துவிட்டது. கோவையில் மினர்வா ஒரே ஒரு கோல் அடித்து 2-2 ஆக்கினால் சென்னைக்கு 41, கோப்பை கொல்கத்தாவுக்கு. கூடுதல் நேரத்தில் போரா மூன்றாவது கோலை அடிக்கும் வரை, மூன்றாவது நிமிடத்தில் வந்த பயத்தைவிடப் பெரிய பயத்துக்கு நியாயம் இருந்தது. முடிவு 3-1. சென்னை 43, ஈஸ்ட் பெங்கால் 42.

நிமிடம் நிமிடமாக அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: அன்றைய 90 சொச்சம் நிமிடங்களில் ஒரு நொடிகூட ஈஸ்ட் பெங்கால் பட்டியலில் முதலிடத்தில் இல்லை. பேப்பரில் போட்ட ஒன்பதில் ஏழு கடைசி வரை தாங்கியது. அதற்கு அடித்தளம் போட்டது பல வாரங்களுக்கு முன்பு ஜெயித்த அந்த இரண்டு 2-1 ஆட்டங்கள்.

ஆக, மேட்ச்சைப் பற்றிய கணிப்பு பலித்தது. பலிக்காதது வேறு. நாட்டுக்கே சாம்பியன் ஆன கிளப் இங்கேயே வேர்விடும், கொங்கு வட்டாரத்துக்கு நிரந்தரமாக ஒரு கால்பந்து அணி இருக்கும் என்று அன்று ராத்திரி யாராவது சொல்லியிருந்தால் மறுத்துப் பேச ஆள் இருந்திருக்காது. ஆனால் அப்போது ஐ-லீக்கை வென்றாலும் ஐ.எஸ்.எல்.லுக்கு உயர்வு கிடையாது. அடுத்த சீசனிலேயே ஐ.எஸ்.எல். முதல் நிலை லீக் ஆனது, ஐ-லீக் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. 2020-ல் சென்னை சிட்டி ஏஎஃப்சி கோப்பைக்குப் போனது. பெருந்தொற்று அந்தத் தொடரையே நிறுத்திவிட்டது. 2021-22 ஐ-லீக் அணிகளின் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

அன்று ஆடிய மற்ற மூன்று அணிகள்? ஈஸ்ட் பெங்கால் 2020-21-ல் ஐ.எஸ்.எல்.லுக்குள் வந்துவிட்டது. கோகுலம் 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ஐ-லீக் வென்றது. ஜெயித்தால் உயர்வு என்ற விதி 2022-23-ல்தான் வந்தது. அந்த வருஷம் வென்று, அந்த வழியாக முதன்முதலாக ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிய அணி பஞ்சாப் எஃப்.சி. அன்று கோவையில் இழக்க ஒன்றும் இல்லாமல் ஆடிய அதே மினர்வா, பெயரும் உரிமையாளரும் மாறி.

நான்கு அணிகளில் காணாமல் போனது, அன்று கோப்பையைத் தூக்கிய அணி மட்டும். ஒன்பது சேர்க்கைகளையும் எழுதி வைத்த பேப்பரில் அதற்குக் கட்டமே கிடையாது.